ஜூனியர் ஆண்டு: பன்னிரண்டு வரை காத்திருக்க வேண்டாம்

தமிழ்நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அமெரிக்காவுக்குக் குடிவந்த பெற்றோரின் மனத்தில் பிளஸ் டூ ஆழமாகப் பதிந்திருக்கிறது. பிளஸ் ஒன் பாடத்தை ஓரம்கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே நடத்திய பள்ளிகளில் படித்தவர்கள் நம்மில் பலர். பதினொன்றாம் வகுப்பு கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்ளும் வருடம் என்ற எண்ணம் நமக்கே தெரியாமல் உள்ளே கிடக்கிறது. இங்கே ஜூனியர் ஆண்டில், அதாவது பதினொன்றில், இருக்கும் பிள்ளையை அதே கண்ணோடு பார்த்தால் கணக்கு தப்பிவிடும்.

இங்கே பன்னிரண்டாம் வகுப்பு ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ தொடங்குகிறது. முதல் சுற்று விண்ணப்பங்களுக்குப் பல கல்லூரிகளில் நவம்பர் 1 கடைசித் தேதி. அன்றைக்குக் கல்லூரியின் கைக்குப் போகும் டிரான்ஸ்கிரிப்டில் ஒன்பது, பத்து, பதினொன்று ஆகிய மூன்று வருடங்களின் கிரேடுகள்தான் இருக்கும். பரிந்துரைக் கடிதம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பதினொன்றில் பாடம் நடத்திய ஆசிரியர்கள். எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணும் அதற்குள் கையில் இருக்க வேண்டும். பன்னிரண்டின் அரையாண்டு கிரேடுகள் பின்னால் போய்ச் சேரும். கடைசியில் ரொம்பவும் சரிந்துவிட்டால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் கல்லூரிகளும் உண்டு. ஆனால் இடத்தை வாங்கித் தருவதில் பெரும்பங்கு பதினொன்றுக்குத்தான்.

தேர்ச்சி வேறு, சேர்க்கை வேறு

பிளஸ் டூவில் ஒரே தேர்வு இரண்டு வேலையையும் செய்தது: பள்ளியையும் முடித்துவைத்தது, கல்லூரிக்கும் வழிவிட்டது. இங்கே டிப்ளமோவுக்கு ஒரு கணக்கு, கல்லூரிக்கு இன்னொரு கணக்கு. முதல் கணக்கை மாநிலமும் பள்ளி மாவட்டமும் எழுதுகின்றன. இரண்டாவதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாக எழுதுகிறது.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோவுக்கு மாநிலச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சக் கணிதம் 2 ஆண்டுகள். மாவட்டங்கள் அதற்கு மேலும் கேட்கலாம். யூ.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகங்களோ 3 ஆண்டுகள் வேண்டும், 4 இருந்தால் நல்லது என்கின்றன. ‘ஏ முதல் ஜி வரை’ என்று பேசப்படும் அந்தப் பட்டியலில் மொத்தம் 15 ஓராண்டுப் பாடங்கள். அவற்றில் 11 பாடங்களைப் பன்னிரண்டு தொடங்குவதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். ஒரு பாடத்தில் ‘டி’ வாங்கினால் பள்ளி அதைத் தேர்ச்சி என்று ஏற்கும், யூ.சி. ஏற்காது, ‘சி’யாவது வேண்டும். பிள்ளை பட்டம் பெற்று மேடையில் தொப்பியை வீசி எறிந்துவிட்டு, விண்ணப்பிக்கவே தகுதி இல்லாமல் நிற்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

டெக்சஸில் அடிப்படைத் திட்டத்துக்கு 22 கிரெடிட், ‘என்டார்ஸ்மென்ட்’ எனும் சிறப்புத் துறை சேர்ந்தால் 26. அதோடு அல்ஜீப்ரா ஒன்று, ஆங்கிலம் ஒன்று, ஆங்கிலம் இரண்டு, உயிரியல், அமெரிக்க வரலாறு ஆகிய 5 மாநிலத் தேர்வுகள். நியூ ஜெர்சியில் 120 கிரெடிட். அதில் உடற்கல்வி ஒவ்வொரு வருடமும் உண்டு. விதிகள் மாறிக்கொண்டும் இருக்கின்றன. மாசசூசெட்ஸில் பட்டம் பெற எம்காஸ் தேர்வில் தேற வேண்டும் என்ற விதியை 2024 நவம்பரில் வாக்காளர்களே நீக்கினார்கள். அதனால் மூத்த பிள்ளைக்குச் சரியாக இருந்தது இளையவனுக்கும் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். பக்கத்து மாநிலத்து நண்பரின் வாட்ஸ்அப் அறிவுரையையும் அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே ஜூனியர் ஆண்டின் முதல் வேலை, செப்டம்பரிலேயே பள்ளிக் கவுன்சிலரிடம் போய், முடித்த கிரெடிட் எத்தனை, மீதி எத்தனை என்று எழுத்தில் வாங்குவது. போக வேண்டியது பிள்ளை. நம் வீட்டுப் பிள்ளைகள் கால்குலஸிலும் வேதியியலிலும் கோட்டைவிடுவது குறைவு. கல்லூரித் தரத்து ஏ.பி. வகுப்புக்கு இடம் வேண்டும் என்று தள்ளிப்போட்ட உடற்கல்வி, சுகாதாரம், நுண்கலை, தனிநபர் நிதி போன்ற சின்னப் பாடங்களில்தான் பாக்கி நிற்கும். அதைப் பதினொன்றில் கண்டுபிடித்தால் கோடையில் முடித்துவிடலாம். பன்னிரண்டின் ஏப்ரலில் தெரியவந்தால் வீடே கலங்கிப்போகும்.

தமிழ்ப் பள்ளிக்கு ஞாயிறுதோறும் அழைத்துப்போன உழைப்பும் இந்த இடத்தில் பயன்படலாம். ஆங்கிலத்தோடு இன்னொரு மொழியிலும் தேர்ச்சி காட்டும் மாணவரின் டிப்ளமோவில் ‘இருமொழி முத்திரை’ பதிக்கும் வழக்கம் 2011-இல் கலிஃபோர்னியாவில் சட்டமாகி, பிறகு பெரும்பாலான மாநிலங்களுக்குப் பரவியது. தமிழைக் கொண்டு அந்த முத்திரையை வாங்க முடியுமா, தமிழ்ப் பள்ளிப் படிப்புக்கு மொழிப்பாடக் கிரெடிட் கிடைக்குமா என்பதை மாவட்டம்தான் சொல்ல வேண்டும். கிடைக்கும் இடங்களில் தேர்வுத் தேதியை விட்டுவிடாமல் இருக்க, பதினொன்றிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை ஏ.பி.?

எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் சாப்பாட்டு வரிசையில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. எண்ணிக்கையில் விடை இல்லை. விண்ணப்பத்தோடு பள்ளியும் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றை அனுப்புகிறது. அந்தப் பள்ளியில் எத்தனை ஏ.பி. வகுப்புகள் நடக்கின்றன என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். 6 மட்டுமே உள்ள பள்ளியில் 5 எடுத்த மாணவியும், 25 உள்ள பள்ளியில் 5 எடுத்த மாணவியும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை. பிள்ளைக்குத் தூக்கம் கெடாமல் ‘ஏ’ அல்லது ‘பி பிளஸ்’ வாங்க முடிகிற அளவில் கடினமான பாடங்களை எடுப்பதே முறை. நாலாவது ஏ.பி.யைச் சேர்த்ததால் மற்ற மூன்றிலும் கிரேடு இறங்கினால் அது நஷ்டம். கிரேடு வருடம் முழுக்க உருவாகிறது. மே மாதத்து ஏ.பி. தேர்வில் 5 வாங்கினாலும் டிரான்ஸ்கிரிப்டில் விழுந்த ‘சி’ அழியாது.

டெக்சஸில் இது இன்னும் கூர்மையான விஷயம். அங்கே 1997-இல் வந்த சட்டப்படி, பள்ளியில் முதல் 10 விழுக்காட்டுக்குள் வருபவர்களுக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் தனி வரம்பு. 2026 இலையுதிர் காலச் சேர்க்கையிலிருந்து அது 5 விழுக்காடு. விண்ணப்பிக்கும்போது கணக்கில் வரும் தரவரிசை, நடைமுறையில் பதினொன்றின் முடிவில் இருப்பதுதான். கலிஃபோர்னியாவின் யூ.சி.க்களும் ஜி.பி.ஏ.யைப் பத்து, பதினொன்று இரண்டின் கிரேடுகளிலிருந்தே கணக்கிடுகின்றன.

எஸ்.ஏ.டி. என்னும் அரைப் பொதுத்தேர்வு

மதிப்பெண்ணைப் பிடித்துக்கொள்ளும் நம் பழக்கத்துக்குக் கிடைத்த ஒரே கொழுகொம்பு இந்தத் தேர்வு. அதனால் இதற்கு வேண்டியதைவிட அதிகப் பணமும் கவலையும் செலவாகிறது. அக்டோபரில் பள்ளியிலேயே பி.எஸ்.ஏ.டி. வரும். பதினொன்றில் எழுதும் அந்தத் தேர்வுதான் நேஷனல் மெரிட் உதவித்தொகைக்கான நுழைவாயில். நாடு முழுவதிலும் 16,000 பேர் அளவில் அரையிறுதிக்குத் தேர்வாகிறார்கள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் கட் ஆஃப் வேறு. 

எஸ்.ஏ.டி. 2024 மார்ச்சிலிருந்து அமெரிக்காவிலும் முழுக்கக் கணினித் தேர்வு. 1600-க்கு மதிப்பெண், 2 மணி 14 நிமிடம். முதல் பகுதியை எப்படிச் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். கணிதம் முழுவதற்கும் திரையிலேயே டெஸ்மாஸ் கால்குலேட்டர் இருக்கிறது; அதில் கை பழகியிருப்பது பல வினாக்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். முழுநீள மாதிரித் தேர்வுகள் தேர்வை எழுதும் அதே புளூபுக் செயலியில் இலவசம், கான் அகாடமியின் பயிற்சியும் இலவசம். முதலில் இவற்றை முடித்துவிட்டு, அதற்குப் பிறகும் ஒரு இடத்தில் முட்டினால் மட்டும் பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டுங்கள். பதினொன்றின் மார்ச்சில் ஒரு முறை எழுதி, தேவைப்பட்டால் ஆகஸ்டில் இன்னொரு முறை எழுதுவது வசதியான வரிசை. மே மாதம் ஏ.பி. தேர்வுகளோடு மோதும்.

எழுதத்தான் வேண்டுமா? கொரோனா காலத்தில் பெரும்பாலான கல்லூரிகள் கட்டாயத்தை நீக்கின. எம்.ஐ.டி. 2022-இலும், டார்ட்மத், பிரௌன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024-இலும் மறுபடி கட்டாயமாக்கின. யூ.சி.க்களும் கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களும் சேர்க்கைக்கு இதைப் பார்ப்பதே இல்லை. இரண்டு துருவம் இருப்பதால், பட்டியலில் எந்தக் கல்லூரிகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

கவுன்சிலரும் ஆசிரியரும்

ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கம் பரிந்துரைக்கும் அளவு. பெரிய அரசுப் பள்ளிகள் பலவற்றில் அது எட்டாக்கனி. உங்கள் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைக்கத் தெரியாத கவுன்சிலர்தான் விண்ணப்பத்தில் பிள்ளையைப் பற்றி ஒரு கடிதம் எழுதப்போகிறார் என்றால், அவரை நாலைந்து தடவை போய்ப் பார்ப்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. பாடத்தேர்வு, கோடைத் திட்டம், கல்லூரிப் பட்டியல் என்று ஒவ்வொரு தடவையும் உண்மையான ஒரு காரணத்தோடு போகட்டும்.

ஆசிரியர்களிடம் நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வகுப்பில் வாயைத் திறக்காமல் ‘ஏ’ வாங்குவதே மரியாதை என்று வீட்டில் பழக்கியிருக்கிறோம். பரிந்துரைக் கடிதத்தில் அந்த மரியாதை ஒரே வரியாகத்தான் வரும்: அமைதியானவர், உழைப்பாளி. வகுப்பு முடிந்ததும் நின்று ஒரு சந்தேகம் கேட்டவர், முதல் தேர்வில் சறுக்கிவிட்டு ஏறிவந்தவர், மற்ற பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்று எழுத ஆசிரியருக்கு ஏதாவது வேண்டாமா? அதிக மதிப்பெண் கொடுத்த ஆசிரியரைவிட, பிள்ளையை அதிகம் கவனித்த ஆசிரியரே மேல். கணிதம் அல்லது அறிவியலில் ஒருவர், ஆங்கிலம் அல்லது வரலாற்றில் ஒருவர் என்று இரண்டு பேரை மனத்தில் வைத்து, ஏப்ரல், மே மாதங்களிலேயே நேரில் கேட்கச் சொல்லுங்கள். நல்ல ஆசிரியர்கள் இத்தனை கடிதம்தான் எழுதுவேன் என்று வரம்பு வைத்திருப்பார்கள். செப்டம்பரில் போனால் இடம் நிரம்பியிருக்கும்.

இதில் பெற்றோர் ஒதுங்கியே இருக்க வேண்டும். “மேடம், என் மகளுக்கு ஒரு லெட்டர்…” என்று அப்பா அனுப்பும் மின்னஞ்சல் எவ்வளவு பணிவாக இருந்தாலும் பிள்ளையின் மதிப்பைக் குறைக்கும். விண்ணப்பத்தில், அந்தக் கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். விட்டுக்கொடுப்பதுதான் வழக்கம். பார்க்க மாட்டார்கள் என்று தெரிந்த கடிதத்தையே கல்லூரி நம்பும்.

அரங்கேற்றமும் கட்டுரையும்

பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் பாடத்துக்கு வெளியே செய்தவற்றுக்கு 10 இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள்தான். சொற்கள் அல்ல, எழுத்துகள். பத்தையும் நிரப்பியே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பதினொன்றில் புதிதாக மூன்று சங்கங்களில் சேர்வதைவிட, ஏற்கெனவே செய்துவரும் இரண்டில் பொறுப்பெடுத்துச் செய்வது பயன் தரும். தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாரம் தவறாமல் சொல்லிக்கொடுக்கும் வேலையை “அது நம்ம ஆட்கள் விஷயம்தானே” என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். கூடப் பிறந்தவர்களைப் பார்த்துக்கொள்வது, தாத்தாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் மொழிபெயர்ப்பது போன்ற வீட்டுப் பொறுப்புகளுக்கும் அந்தப் பட்டியலில் தனி வகை இருக்கிறது.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு கூடுதல் சிக்கல். சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதியில்லை. வகுப்பு நண்பர்கள் ஐஸ்கிரீம் கடையிலும் நீச்சல் குளத்திலும் கோடை வேலை பார்க்கும்போது இவர்களால் முடியாது. விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காமல், கூடுதல் தகவல் பகுதியில் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுவது நல்லது.

அரங்கேற்றம் பற்றி ஒரு வார்த்தை. பத்தாவதுக்குப் பிந்தைய கோடையிலோ பதினொன்றுக்குப் பிந்தைய கோடையிலோ வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. இரண்டாவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஒத்திகை, பக்கவாத்தியம், புடவைக்கும் மண்டபத்துக்கும் அலைச்சல் எல்லாம் சேர்ந்து, கட்டுரை எழுத வேண்டிய இரண்டு மாதத்தையும் அப்படியே விழுங்கிவிடும். நடனம் பிள்ளைக்கு உயிர் என்றால் நடக்கட்டும். கல்லூரிக்காக என்றால் அவ்வளவு செலவுக்கு அவசியம் இல்லை.

கட்டுரைக்கு மேல்வரம்பு 650 சொற்கள். 17 வயதுப் பிள்ளை தன்னைப் பற்றித் தன் குரலில் எழுத வேண்டியது. இரண்டு வாரம் ஊருக்குப் போய்க் கிராமத்துப் பள்ளிக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்த கதையை அதில் எழுத வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பள்ளிப் பிள்ளைகள் யாருடைய விண்ணப்பத்துக்கும் பின்னணி அல்ல. அதோடு, அந்தக் கட்டுரையைப் படிப்பவர்கள் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டார்கள். ஜூனில் மூன்று வெவ்வேறு விஷயங்களைத் தலா ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள், பிழை திருத்தாமல், யாருக்கும் காட்டாமல். எது எழுத எழுத நீளுகிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா யூ.சி.க்கு இது செல்லாது. அங்கே 8 கேள்விகளில் 4-க்கு, ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்குள் நேரடியான பதில்.

பணமும் விசாவும்

கல்லூரிச் செலவைப் பற்றிப் பிள்ளையிடம் பேசுவது நம் வீடுகளில் வழக்கமில்லை. “நீ படி, மிச்சத்தை நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லிவிடுகிறோம். பிறகு ஏப்ரலில், கிடைத்த இடத்துக்கு அனுப்ப முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். இந்தப் பேச்சைப் பதினொன்றின் குளிர்கால விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். வருடத்துக்கு இவ்வளவு நம்மால் முடியும் என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டால் கல்லூரிப் பட்டியல் பாதி தானாகவே அமைந்துவிடும். ஒவ்வொரு கல்லூரியும் தன் இணையதளத்தில், உங்கள் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று மதிப்பிடும் கருவியை வைத்திருக்க வேண்டும் என்பது 2011-லிருந்து நடப்பில் உள்ள கூட்டரசு விதி. வருமான வரிக் கணக்கை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு தொகை தெரியும்.

உதவித்தொகைக்கான ஃபாஃப்சா விண்ணப்பம் பன்னிரண்டின் அக்டோபர் 1 வாக்கில் திறக்கும். ஆனால் அது கேட்பது அதற்கு முந்தைய ஆண்டின் வருமானத்தை; அதாவது பத்தாம் வகுப்பின் நடுவில் வரும் ஜனவரியில் தொடங்கி, பதினொன்றின் டிசம்பரில் முடியும் ஆண்டு. அந்த ஆண்டில் கம்பெனிப் பங்குகளை மொத்தமாக விற்றாலோ, ஊரில் நிலத்தை விற்று லாபம் பார்த்தாலோ, அந்த ஒரு வருடத்து வருமானமே உங்கள் வழக்கமான வருமானம் போலத் தோன்றும். சென்னையில் வாங்கிப்போட்ட ஃபிளாட்டும் சொத்துக் கணக்கில் வரும். வீடுகளில் நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும்தான் ஃபாஃப்சாவில் விலக்கு. தனியார் கல்லூரிகள் பல கேட்கும் சி.எஸ்.எஸ். புரொஃபைலில் அந்த வீட்டையும் கேட்பார்கள்.

ஃபாஃப்சா குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும். எச்-4 விசாவில் இருக்கும் மாணவருக்குக் கூட்டரசின் உதவித்தொகையோ கடனோ கிடையாது. தனியார் கல்லூரிகள் பல, இங்கேயே நாலாம் வகுப்பிலிருந்து படித்திருந்தாலும், இவர்களை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கின்றன. பண உதவி கேட்டால் சேர்க்கை வாய்ப்பே குறையும் இடங்கள் உண்டு. மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் எச்-4 பிள்ளைகளுக்கும் உள்மாநிலக் கட்டணமே வாங்கும் மாநிலங்கள் பல இருப்பதால், நிறையக் குடும்பங்களுக்கு அதுவே கைக்கு எட்டும் வழி. ஒவ்வொரு கல்லூரியிடமும் இரண்டு கேள்வியை மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்: எச்-4 மாணவரை எந்த வரிசையில் வைக்கிறீர்கள், எந்தக் கட்டணம்?

21 வயதானதும் எச்-4 முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசை நீண்டுகிடக்கும் நம் ஆட்களுக்கு இது பெரும்பாலும் கல்லூரியின் நடுவில் வந்து நிற்கிறது. அப்போது எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். மாறினால் கட்டணம் மாறுமா என்பதையும் அதே மின்னஞ்சலில் மூன்றாவது கேள்வியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு இது எதுவும் தெரியாமல் வளர்ந்திருந்தால் பதினாறு வயதில் உட்காரவைத்துச் சொல்லிவிடுவதே நியாயம். பள்ளியில் இதைச் சொல்லித்தர ஆளில்லை.

கோடை

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூன்று வேலை. பட்டியலைப் பத்துப் பன்னிரண்டு கல்லூரிகளுக்குள் கொண்டுவருவது, அதில் நிச்சயம் கிடைக்கும், கட்டவும் முடியும் என்ற இரண்டையாவது பிள்ளை விரும்பிப் போகக்கூடியதாகத் தேர்ந்தெடுப்பது, கட்டுரையின் முதல் வடிவத்தை முடிப்பது. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். இல்லினாய் அர்பானா, வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் அந்தத் துறைக்கு நேரடியாகச் சேர்க்கை. வேறு துறையில் நுழைந்து பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற திட்டம் அங்கே பெரும்பாலும் பலிக்காது. செலவுதான் தடை என்றால் கம்யூனிட்டி காலேஜை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அங்கே இரண்டு வருடம் படித்து, குறித்த கிரேடு வாங்கினால், டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட 6 யூ.சி.க்களில் ஏதாவது ஒன்றில் உறுதியான இடம் பெற ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம்.

காமன் ஆப் ஆகஸ்ட் 1 அன்று அந்த ஆண்டுக்காகத் திறக்கும். கணக்கை அதற்கு முன்பே தொடங்கிவைக்கலாம். பெயர், முகவரி, செயல்பாட்டுப் பட்டியல் போன்றவை அப்படியே தொடரும். பள்ளி மின்னஞ்சலில் தொடங்க வேண்டாம். பட்டம் வாங்கிய பிறகு பள்ளி அந்த முகவரியை மூடிவிட்டால், கல்லூரியிலிருந்து கோடையில் வரும் விடுதி, கட்டணக் கடிதங்கள் எதுவும் வந்துசேராது.